நாலரைக் கிலோ

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஓடவிட வயர் தேடி, இன்று காலை உன் மேசை இழுப்பறையைத் திறந்தேன். தைல வாசம் குப்பென்று ஏறியது. குளிரில் விரல் மரத்துப்போகிறதென்று தேய்த்துக்கொண்டே டைப் அடிப்பாயே, அந்தப் பாட்டில்தான். மூடியைச் சரியாக மூடவில்லை. நீ எதைத்தான் ஒழுங்காக மூடினாய்! நீ இறந்துபோன பிறகு யாரைத் திட்ட? நானே மூடியைத் திருகி வைத்தேன்.

மலைக்கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு நாம் எழுதிய மருந்து சாஃப்ட்வேர் இன்னும் ஓடுகிறது. கொடைக்கானலில் புதுப் பதிப்பு. மன்னவனூர் கம்ப்யூட்டர் அதைத் தாங்காது என்பதால் அங்கே பழையதே. புதியதில் செய்யும் திருத்தங்களில் எவற்றைப் பழையதற்கும் கொண்டுபோவது என்பதில் நமக்குள் எத்தனை சண்டை! எழுதியவன் வாதாடலாம், மற்றவன் மன்னவனூர் நர்ஸாக மாறி எதிர்க்க வேண்டும். நர்ஸ் ஒப்பினால்தான் போகும். இது நீ போட்ட சட்டம்.

ஒருமுறை நான் பட்டன்களை அழகாக இடம் மாற்றி வைத்தேன். நீ துண்டைத் தலையில் போட்டுக் குரலை மாற்றிக்கொண்டாய். "ஏங்க, வாசல் வரைக்கும் ஆளு நிக்கிது. கண்ண மூடிக்கிட்டு அமுக்குற பட்டன எதுக்குங்க நகட்டுனீங்க?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அப்புறம் உன் சொந்தக் குரலில் சொன்னாய்: "ஏலே, அழகு நமக்கு. அவங்களுக்குச் சோலி முடியணும்ல?"

நேற்று நிஜ நர்ஸே போன் செய்தார். குழந்தையின் எடையை நாலரைக் கிலோ என்று போட்டால் பழைய பதிப்பு ஐந்தாக்கிவிடுகிறதாம். மருந்தின் அளவும் கூடிவிடுகிறது. "நான் கையால கணக்குப் போட்டுக் குடுத்துர்றேங்க. நான் லீவு போட்டா, வர்ற புள்ளைக்கு இது தெரியாதுல்ல?" என்றார்.

புதுப் பதிப்பில் போன வாரமே சரிசெய்துவிட்ட பிழைதான், ஆனால் அந்தத் திருத்தம் வேறு பல மாற்றங்களோடு பின்னிக் கிடந்தது. உன் வேலைக்கு வந்திருக்கும் செல்வி, "எல்லாத்தையும் சேத்து அனுப்பிருவோம்ணே, வெரசா முடிஞ்சிரும்" என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று உடைந்தால், அங்கே மருந்துக்கு நிற்பவர்கள் என்ன செய்வார்கள்? பயமாக இருந்தது. உன் சட்டத்தைச் சொன்னேன். செல்வி சிரித்தாள். நான் நர்ஸானேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும், "இது இல்லாம எனக்கு என்னங்க கெட்டுப்போச்சு?" என்று கேட்டேன். எடைத் திருத்தம் மட்டும்தான் மிஞ்சியது. அதைத் தனியே பிரித்தெடுப்பதற்குள் இருட்டிவிட்டது.

இன்று காலை மன்னவனூரில் இருப்பது போன்ற கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினோம். நர்ஸ் போனில் இருந்தபடியே சோதித்தார்.

"நாலரைன்னே நிக்கிதுங்க. வேற எதையும் மாத்தலையே?"

"இல்லைங்க."

"அப்பச் சரி."

உன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. "வந்துட்டேன்டா தங்கம்" என்று போனை வைத்துவிட்டார். அந்தக் குழந்தைக்கு இனி அதன் எடைக்கான மருந்துதான் போகும். நான் எதை எழுத உட்கார்ந்தாலும் அந்த அழுகை எனக்குக் கேட்கும், அதை முதலில் எனக்குக் கேட்க வைத்த உன் குரலும்தான்.