நடந்துகொண்டே பேசுவது

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. ஆமாம், நானேதான் எழுதுகிறேன். முப்பது வருஷ லிஃப்ட் வேலையில் எண்களை மட்டும் அழுத்திய அதே விரல். தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிதானமாகப் படி.

உன் அக்கா கோல் ஊன்றி நடக்கிறாள். ஆனால் நடக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கால் நின்றுவிடும். பக்கவாதம் வந்தவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வது கஷ்டமாம். அதற்காக ஆஸ்பத்திரியில் தலையில் பட்டை கட்டி, ஈரப் பஞ்சு வைத்து, இருபது நிமிஷம் லேசாக மின்சாரம் விடுகிறார்கள். அறுப்பு இல்லை, ஊசி இல்லை. எறும்பு ஊர்வது போல இருக்கிறதாம். பலன் தரலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

பட்டையோடு வராந்தாவில் நடந்தபடியே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்கச் சொன்னாள் பயிற்சி கொடுக்கும் பெண். உன் அக்கா கேட்பாளா? "கணக்கெல்லாம் வேணாம்மா. நாப்பது வருஷமா எழுத்துத் தெரியாம ஒருத்தர் என்கூடச் சுத்துறாரு. அவருக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டே நடக்குறேன்" என்றாள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுச் சரி என்றாள்.

இப்போது வராந்தாவில் நான் படிக்காத பலகை இல்லை. நேற்று ஒன்றைத் தப்பாகப் படித்தேன். "கண்ணு எங்க இருக்கு, பொடனியிலயா?" என்றாள், கால் நிற்காமல். பக்கவாதம் வந்து எட்டு மாதத்துக்குப் பிறகு நடந்துகொண்டே என்னைத் திட்டினாள் மச்சான்! அங்கேயே அழுதுவிட்டேன்.

அன்புடன்,
அத்தான்


ஏப்ரல் 19

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைக்கு வந்த எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். ஆனால் இதை வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்.

தான் ரோட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததற்குச் செருப்பு வழுக்கியதுதான் காரணம் என்று அக்கா போனில் சாதிக்கிறாள். எனக்கு நம்பிக்கையில்லை. தலையில் கரண்ட் விட்டால் மூளை கலங்காதா? பயிற்சி கொடுத்த அந்தப் பெண் மீது புகார் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடுங்கள், இப்போதுதான் போடத் தெரியுமே.

உங்கள் வீடு மூன்றாம் மாடி, என் வீடு தரைத் தளம். ஆனாலும் நீங்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வீர்கள் என்றுதான் அக்காவை அங்கே விட்டு வைத்திருக்கிறேன்.

மச்சான்


ஏப்ரல் 27

அன்புள்ள மச்சானுக்கு,

புகாரைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை.

செருப்பு வழுக்கவில்லை. உன் அக்கா எனக்காகப் பொய் சொல்கிறாள். "இந்தப் பாடமெல்லாம் வராந்தாவோட சரி. ரோட்டுல இறங்கினா ரெண்டு பேரும் வாயைத் திறக்கவே கூடாது" என்று அந்தப் பெண் என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அன்று மருந்துப் பையோடு நான் முதலில் ரோட்டைக் கடந்துவிட்டேன். எதிரே கடையில் புதுப் பலகை. 'மூக்குக் கண்ணாடி பழுது பார்க்கப்படும்.' எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் திரும்பிக் கத்தினேன். அவள் பாதி ரோட்டில் இருந்தாள். சிரித்தாள். "சரியாத்தான் படிச்சிருக்கீங்க" என்றாள். கால் நின்றுவிட்டது. சைக்கிள்காரன் மணி அடித்தான். அவன் பக்கம் திரும்பியவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அவன் இடிக்கவில்லை. மின்சாரமும் தள்ளவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

இனி நடப்பது சந்தேகம் என்கிறார் டாக்டர். இது தெரிந்த பிறகு நீ அவளை இங்கே விட்டு வைக்க மாட்டாய் என்று தெரியும். அதனால்தான் உன் கடிதம் வந்தும் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வா. அவள் துணிமணிகளை மடித்து வைத்துவிட்டேன். நீ என்னோடு பேச வேண்டாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அடுத்த வாரம் அவளுக்கு எழுதுவேன், வாராவாரம் எழுதுவேன். நீ வாசித்துக் காட்டாதே. அவள் கையிலேயே கொடுத்துவிடு. படுத்தபடி படிப்பது ஒரே ஒரு வேலைதான், அது அவளால் முடியும்.

அத்தான்