முளையடியில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

பாசமுள்ள மாமாவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். செத்துப்போனவரிடம் யாராவது கோபித்துக்கொள்வார்களா என்று அக்கா கேட்கிறாள். உங்களைக் கட்டிக்கொண்டவள் அவள், அழுகிறாள். உங்களோடு கிணற்றுத் துளை போடும் போரிங் செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

முதலில் சேதி சொல்லிவிடுகிறேன். எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போய்விட்டது. நீங்கள் உயிரை விட்ட அந்த ஊர் நம் புத்தூரைப் போலவே ஆந்திராவில் நின்றுவிட்டது. உங்கள் சாவை விசாரிக்க வந்தபோது ஊர் எந்தப் பக்கம் என்று முடிவாகவில்லை அல்லவா, அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். இது உங்கள் பொறுப்பு, இல்லை உங்கள் பொறுப்பு என்று அடித்துக்கொண்டார்கள். ஒன்றில் மட்டும் ஒற்றுமை. கயிறு கட்டினவனின் கவனக்குறைவு என்று இருவருமே எழுதிக்கொண்டு போனார்கள்.

கவனக்குறைவா? உங்களுக்கா? குழாயைத் தூக்கி இறக்குகிற உயரமான முக்காலியை நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கயிறுகளுக்கு முளை அடித்து முடிக்காமல் நீங்கள் ஒரு பீடி பற்றவைத்ததில்லை. ஆற்று மணலில் முளை நிற்காது என்று பனந்துண்டைக் குறுக்கே குழியில் புதைத்து, அதன் நடுவில் கயிறு கட்டி, மேலே கல் ஏற்றுவீர்கள். ஏரிக் களிமண்ணில் ஒரு முளையை நம்பாமல் பின்னால் இன்னொன்று அடித்து இரண்டையும் பிணைப்பீர்கள். குப்பம் பக்கத்துப் பாறையில் உளியால் துளை போட்டு இரும்பு இறக்கினோமே, இரண்டு பேருக்கும் கை கொப்பளித்துப் போனது ஞாபகமிருக்கிறதா?

செம்மண் என்றால் மட்டும் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். காய்ந்த செம்மண் பிடித்த பிடியை விடாது என்பீர்கள். நீங்கள் போன அன்றைக்கும் அந்த ஊர்ச் செம்மண்ணில் நாலு முளையையும் நன்றாகச் சாய்த்துத்தான் அடித்தீர்கள். கயிற்றில் நானே தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை.

அப்புறம்தான் அந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். போரிங் போடும் இடத்தில் வீட்டுக்கு ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால்தான் கீழே தண்ணீர் கிடைக்கும் என்பது அங்கே வழக்கம். நடுவில் இடமில்லாமல் முக்காலிக் காலடியில் ஊற்றினார்கள். அங்கும் நெரிசல் என்று முளைகளுக்கு ஊற்றினார்கள், பொட்டு வேறு வைத்தார்கள். மண் இளகிவிடுமே என்று நான் பதறிப்போய் உங்களிடம் ஓடி வந்தேன். என்ன சொன்னீர்கள்?

“சும்மா இருடா. ஆசையா ஊத்திக்கினு இருக்காங்க. அவங்க மனசு நோவக் கூடாது.”

மத்தியானம் குழாய் அடியில் சிக்கிக்கொண்டது. அதை மேலே இழுக்க நாங்கள் மூச்சைப் பிடித்து ராட்டினத்தைச் சுற்ற, வடக்குப் பக்கத்து முளை ஊறிய மண்ணிலிருந்து சத்தமே இல்லாமல் எழுந்து வந்தது. கத்தினேன். நீங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முக்காலி உங்கள் மேல் சாய்ந்துவிட்டது.

போன வாரம் அதே ஊரிலிருந்து ஆள் வந்தது. போகாதே என்றாள் அக்கா. அவர்களுக்கும் தண்ணீர் இல்லை, நமக்கும் வேறு பிழைப்பில்லை, போனேன். பழைய துளைக்குக் கொஞ்சம் தள்ளி முக்காலியை நிறுத்தி முளை அடித்தேன். அடித்து முடிப்பதற்குள் குடங்கள் வந்துவிட்டன. இங்கே ஒரு சொட்டு விழக் கூடாது என்றேன்.

ஊர் முன்சீப்புக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “ஏமப்பா, உங்க மாமா அன்னிக்கு பூஜையில இன்னாமோ குறை வச்சாரு, ஊர் அம்மன் அவர எடுத்துக்கினா. இப்ப நீயும் ஆரம்பிக்கிறியா?”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “அவர் ஒரு குறையும் வைக்கலை. நீங்க ஊத்தின தண்ணியிலதான் முளை புடுங்கிக்கினு வந்துச்சு. இப்பவும் ஊத்துங்க. ஊத்திட்டு முக்காலிக்கு அடியில நீங்களே வந்து நில்லுங்க.”

முன்னால் நின்ற பெண் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். அன்றைக்கு வடக்கு முளைக்குப் பொட்டு வைத்தவள் அவள்தான். அழுதுகொண்டே கேட்டாள். “எங்களுக்கு இன்னாண்ணா தெரியும்? அவரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பால போய் ஊத்தியிருப்போமே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் ஊற்றினாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போய் ஊற்றினார்கள். அவ்வளவுதான் மாமா. அதற்கப்புறம் யாரும் சண்டைக்கு வரவில்லை, தள்ளிப் போய் ஊற்றியதில் யார் மனசும் நோகவில்லை. இரண்டாம் நாள் நல்ல தண்ணீர் வந்தது. ஊரே குடித்தது, நான் குடிக்கவில்லை.

நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்பதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? விசாரிக்க வந்தவர்களை மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்த முன்சீப்பைக்கூட மன்னிப்பேன். உங்களை மன்னிக்க முடியவில்லை. அவ்வளவு நல்லவராக இருக்கச் சொல்லி உங்களை யார் கேட்டார்கள்?

இனி நம் முக்காலி நிற்கும் இடத்தில் ‘வேண்டாம்’ என்கிற அந்த ஒரு வார்த்தையை முதல் ஆளாக நான் சொல்வேன், சாமி காரியமானாலும் சொல்வேன். திமிர் பிடித்தவன் என்று பேர் வந்தால் வரட்டும். என்னோடு ராட்டினம் சுற்றுகிறவன் பெண்டாட்டி ஒருத்தியும் அக்காவைப் போல உட்கார்ந்து அழ மாட்டாள்.

உங்கள் மேல் கோபம் ஆறாத,
உங்கள் பெண்டாட்டியின் தம்பி