குணலட்சுமி அக்கா தந்த வெங்காயம்

புத்தூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

இந்த வெங்காயப் பையை உங்களுக்குத் தந்தவர் இங்குள்ள குணலட்சுமி அக்கா. மூன்று மாதங்களுக்கு முன் மிட்வைஃப் சீருடையோடு அவருடைய தோட்டத்துக்குப் போய், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்குக் கிளினிக் வரும்படி அங்கிருந்த பெண்களைக் கேட்டேன். வெங்காயம் பிடுங்கியவர்கள் ஒருவரும் நிமிரவில்லை. அவர் மட்டும் கேட்டார்:

"பிள்ளை, உந்தச் சோதினையை உம்மடை அம்மா செய்தவவோ?"

"ஓம், போன வருசம் செய்தவ" என்றேன்.

பொய், அம்மா. ஊர்ப் பெண்களிடம் நாள் முழுக்கச் சொல்வதைப் பெற்ற தாயிடம் சொல்லக் கூச்சப்பட்டவள் நான்.

அந்தப் பொய்யை நம்பிப் பதினொரு பேர் வந்தார்கள். பத்துப் பேருக்கு ஒன்றுமில்லை. குணலட்சுமி அக்காவுக்குச் சிறு மாற்றம் மட்டும்; நோயாகுமுன் கண்டதால் பயமில்லை என்கிறார் டொக்டர். நேற்று அவர் என் அறைக்கு வந்தார்.

"உம்மடை அம்மா செய்தவ எண்டபடியாலைதான் நானும் வந்தனான். இதை அவவுக்குக் குடுத்துவிடும்."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பையைத் திருப்பி அனுப்பும்போது உங்கள் மிளகாய்த்தூள் கொஞ்சம் வையுங்கள். ஒருத்திக்கென்று சமைத்தால் எதிலும் ருசியில்லை.

இந்தப் பையைக் கொண்டுவரும் மட்டக்களப்பு பஸ் புறப்படப்போகிறது. நம் ஊரில் கிளினிக் செவ்வாய்க்கிழமை. நீங்கள் போய்வரும்வரை இந்த வெங்காயத்தில் ஒன்றையும் உரிக்காதீர்கள். அது இன்னும் நமக்கு உரியதல்ல.

மகள்
நிலுஜா