நாற்பது நிமிட மூச்சு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். முதலில் இதைப் படித்துவிடு: அம்மா பிழைத்துவிட்டாள். இன்று எழுந்து உட்கார்ந்து அரை டம்ளர் பால் குடித்தாள். ஐந்து நாள் உன்னிடம் மறைத்ததற்கு அப்புறம் திட்டிக்கொள். போனில் சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நானும் அம்மாவும் ஸ்கூட்டரில் போனபோது திருப்பத்தில் ஒரு வேன் இடித்துவிட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். அம்மா தூக்கியெறியப்பட்டு நடைபாதை ஓரக்கல்லில் மோதினாள்.

பக்கத்தில் இருந்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு நர்ஸ், ஒரே டாக்டர். உன் வயதுப் பெண். அம்மாவுக்கு மூச்சு இழுத்தது, உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. "இங்க ஸ்கேன்கூட இல்லையே, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்கம்மா!" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அம்மாவின் நெஞ்சில் ஓர் ஊசியைச் செருகினாள். டயரில் காற்று இறங்குவதுபோல உஸ்ஸென்று சத்தம்; நுரையீரலை நெருக்கிக்கொண்டிருந்த காற்றாம். அடுத்து விலாவில் ஒரு குழாய். அம்மா முகத்தில் நிறம் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன். உனக்கு இது பழகிய வேலையாக இருக்கலாம். நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"வயித்துக்குள்ள ரத்தம் கசியுது சார். ஆபரேஷன் பண்ணணும், இங்க முடியாது. ஆனா அங்க போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் மூச்சு வேணுமில்ல?" என்றாள். நர்ஸ் போனைக் காதில் பிடித்துக்கொள்ள, அவளே பெரிய ஆஸ்பத்திரிக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அங்கே நாங்கள் போய் இறங்கியபோது பன்னிரண்டு பேர் தயாராக நின்றார்கள். தலைமாட்டில் ஒருவர், கைக்கு ஒருவராக இரண்டு பேர், வயிற்றில் கருவியை வைத்துத் திரையைப் பார்க்க ஒருவர். ரத்தப் பை முன்பே தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் ரயில் சிக்னல் அறையில் இருந்தவன் நான். அவரவர் வேலையை அவரவர் பார்த்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவன். ஆனால் இப்படி ஓர் ஒழுங்கைப் பார்த்ததில்லை. கால் மணி நேரத்தில் அம்மா ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டாள். (புது ஸ்வெட்டரை வெட்டிவிட்டார்கள் என்று இப்போது புலம்புகிறாள். நல்ல அறிகுறிதான்.)

ரத்தம் கசிந்த மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். வெளியே வந்த சர்ஜனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார். "அங்க அந்தக் குழாய் போடலைன்னா, இவங்க எங்க கைக்கே வந்திருக்க மாட்டாங்க. அந்த டாக்டருக்குச் சொல்லுங்க" என்றார்.

நேற்றுப் போய்ச் சொன்னேன். அவள் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். "அப்படியா, சந்தோஷம் சார்" என்றாள், அவ்வளவுதான். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் உன் நினைவுதான் வந்தது. 'டாக்டருக்குப் படித்துவிட்டு, ஒரு ஸ்கேன்கூட இல்லாத இடத்தில் உட்கார்ந்து என்ன கிழிக்கிறாய்' என்று உன்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! இனிமேல் கேட்க மாட்டேன்.

லீவு கிடைத்தால் வந்து அம்மாவைப் பார். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நான் இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, கொஞ்சமாவது தூங்கு. உன் வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் மூச்சோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரட்டும், மகளே.

உன் அப்பா