சிவப்புக் குமிழைப் பார்

லோகேஸ் அண்ணே,

மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். நான் பாகான் டாலாம் சித்தி வீட்டுக்குப் போகிறேன். இன்று உன் முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

"தொடாதன்னு சொன்னேன்லா? கத புக்கு வைக்கிற இடமா இது?" என்று, உன் சிமுலேட்டர் நெம்புகோல் பக்கத்தில் என் நாவல் இருந்ததற்காக, உன் கூட்டாளி இம்ரான் முன்னால் கத்தினாய். அதைத் தூக்கி வீசினாய். படித்த பக்கம் தவறிவிட்டது, கதாநாயகி எந்தத் துறைமுகத்தில் நிற்கிறாள் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கணினியில் விமானம் ஓட்டும் அந்த சிமுலேட்டர் கேமில் உன் விமானம் ஸ்டார்ட் ஆகாததற்கு நான் காரணமில்லை. இனி வேண்டாம் என்று இம்ரானுக்குக் கொடுக்க நீ கட்டிவைத்த சிமுலேட்டர் பெட்டியைப் பிரித்து, எல்லாவற்றையும் கணினியில் மறுபடி மாட்டிப் பார்த்தேன். எரிபொருள் கலவைக்கான நெம்புகோலை முன்னால் தள்ளினால், திரையில் அதற்கான சிவப்புக் குமிழ் பின்னால் வருகிறது. திறப்பதாக நினைத்து நீ எரிபொருளை அடைத்துக்கொண்டிருந்தாய். போன வாரம் கேமைப் புதிதாக ஏற்றியபோது செட்டிங் தலைகீழாகிவிட்டது. நீ உன் கையையே பார்த்தாய், திரையைப் பார்க்கவில்லை. என்னைத் திட்ட மட்டும் நேரம் இருந்தது.

செட்டிங்கை மாற்றிவிட்டேன். என்ஜின் ஒரு முறை பற்றவில்லை என்று பைலட் ஆசையையே பெட்டியில் கட்டிக் கொடுப்பாயா? மாலையில் இம்ரான் வந்தால் டீ கொடுத்து வெறுங்கையோடு அனுப்பு.

பிரமிளா

பின்கதவுச் சாவி ஃபிரிட்ஜ் மேல்.

தானாக ஸ்டார்ட் செய்யும் பட்டனை அழுத்தாதே, கையாலேயே செய். என்ஜின் ஓடினால் அந்தச் சத்தத்தை மட்டும் பதிவு செய்து அனுப்பு. வேறெதுவும் எழுதாதே, இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.