புதுத் தொட்டி மீனு

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

நேத்து தொட்டியில வுட்ட மீன்குஞ்சுல பாதி காலையில செத்து மெதந்துது. சாயங்காலம் மீதியும் போச்சி. வீட்டுக்காரரு தோட்டத்துல ஆசையா கட்டின தொட்டி. பூசி முடிச்ச மறுவாரமே மாரடைப்புல போயிட்டாரு.

கொழுந்தன் வந்து பாத்தான். "இன்னா அண்ணி, புது சிமெண்டுல அப்பிடியே வுட்டுட்டீங்களா? சுண்ணாம்புக் காரம் கொன்னுடும். வாழமரத்த வெட்டித் துண்டுபோட்டு ஊறவெச்சி, அந்தத் தண்ணிய எறச்சிட்டுத்தான் மீன் வுடணும். அண்ணன் சொல்லலியா?"

சொல்றதுக்குள்ள போயிட்டாரே.

அவரு வெச்ச வாழ ஒண்ணு நிக்குது. தாரு அவரு கருமாதிக்கே வெட்டியாச்சி. மரத்த வெட்டத்தான் மனசு வரல. அடியில கன்னு வந்துருக்குது. செத்த மீன அந்தக் கன்னுகிட்டதான் பொதைச்சேன்.

கொழுந்தன் வெட்டித் தரேன்னான். வாணாம்னுட்டேன். கத்திய தீட்டி வெச்சிருக்கறேன்.