மதுரை போய்த் திரும்பிய சிவப்பு வண்டி

எல்லாவற்றிலும் எனக்கு முந்திக்கொண்டு போய்விடுகிற என் அக்காவுக்கு, என் லாத்தாவுக்கு, சலாம்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னதுதான் நடந்தது. உன் சிவப்பு வண்டியைச் செய்த கம்பெனி, இத்தனை காலம் கழித்து அதே பெயரில் புது வண்டி கொண்டுவந்திருக்கிறது. அதே இரண்டு கதவு, அதே தாழ்ந்த மூக்கு. "விக்காத வண்டிய எவன் திரும்பச் செய்வான்?" என்று வேலுச்சாமி அய்யா உன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பாரே, அந்தச் சண்டையில் நீ ஜெயித்துவிட்டாய். அதைப் பார்க்க நீதான் இல்லை.

சேதி வந்த அன்று உன் பழைய கார்க்காரர்கள் குரூப்பில் ஒரே கூத்து. உன் நம்பரை எடுக்க மனசில்லாமல் அப்படியே விட்டுவிட்டு, என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் புது எஞ்சினைப் புகழ்ந்தார். ஒருவர், அதெல்லாம் பேருக்கு ஸ்போர்ட்ஸ் கார், உள்ளே முழுக்க கம்ப்யூட்டர் என்று வைதார். நடுவில் ஒருவர் எத்தனால் கலந்த பெட்ரோல் தன் பழைய வண்டியின் ரப்பர் குழாய்களைத் தின்கிறதென்று அழுதார். வேலுச்சாமி அய்யா மட்டும் வாயே திறக்கவில்லை. மறுநாள் கமுதியில் மிளகாய் மண்டியைப் பூட்டிவிட்டு நேரே கீழக்கரைக்கு வந்துவிட்டார், வழியில் வாங்கிய தொதல் அல்வாப் பொட்டலத்தோடு.

"தோத்தவன் வந்திருக்கேன் ஆத்தா. ஒங்க அக்கா இருந்திருந்தா இந்நேரம் என்னைய வாசல்லயே நிக்க வச்சுப் பேசியிருக்கும்."

சிரித்தோம். அப்புறம் தொதலை அறுத்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டோம்.

அவரிடம் அன்று சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். ஹாரிஸ் உன் வண்டியை விற்கச் சொல்லியிருந்தான். மகனைக் கோபித்துக்கொள்ளாதே. துபாயிலிருந்து லீவில் வந்தவன் ஷெட்டைத் திறந்தான், பார்த்தான், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"போர்வ போத்தி நிக்கிறதப் பாத்தா, உம்மாவக் கட்டில்ல வச்சிருந்தது மாதிரியே இருக்கு சாச்சி. என்னால முடியல. கோயம்புத்தூர்ல ஒருத்தர் கேக்குறாரு. அங்கன உப்புக் காத்து கெடையாது. நல்லா வச்சுக்குவாரு."

அவன் சொன்னதில் பொய் இல்லையே. கடலுக்கு இத்தனை பக்கத்தில் இரும்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை. ஆனாலும், "விக்க வேணாம், நான் ஓட்டுறேன்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நீங்களா? பள்ளிக்கொடத்துக்கும் வீட்டுக்கும் ஸ்கூட்டி ஓட்டுறவுக நீங்க."

"லைசென்ஸ் இருக்குடா. ஒங்க உம்மா என்னையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி எடுக்க வச்சது."

அவன் கொஞ்சம் யோசித்தான். "சரி, மதுரைக்கு ஒரு தடவ போயிட்டு வாங்க. வண்டி அது கால்லயே திரும்பி வரணும், லாரியில ஏத்திட்டு வரக்கூடாது. வந்துட்டா ஒங்களுக்குத்தான். இல்லேன்னா கோயம்புத்தூருக்கு."

அவன் துபாய்க்குத் திரும்பிய கொஞ்ச நாளில்தான், புது வண்டியை மதுரைக்குக் கொண்டுவருகிறார்கள், கேட்பவர்களுக்கு ஓட்டிப் பார்க்கவும் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது. இதைவிட நல்ல சாக்கு எனக்கு வேறு கிடைக்குமா?

வண்டியைத் தயார் செய்தேன், லாத்தா. பேட்டரி செத்துக் கிடந்தது, மாற்றினேன். டயர்கள் பார்க்கப் புதுசு போல இருந்தன; நகத்தால் அழுத்தினால் மரக்கட்டை. அவையும் போயின. பிரேக் ஆயில் டீ நிறத்தில் இருந்தது. நம் ஊர் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்ற வந்த மெக்கானிக்கை நீ விரட்டிய விரட்டு ஞாபகம் இருந்ததால், கூலண்ட்டை நானே நின்று ஊற்ற வைத்தேன். "எங்க வண்டியில வாங்க, இத எதுக்கு வெயில்ல வதைக்கிறீக?" என்று குரூப்பில் ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. வேலுச்சாமி அய்யா மட்டும் ராமநாதபுரத்தில் வந்து, மடங்காத முழங்காலோடு பாடுபட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

பரமக்குடி வரைக்கும் உன் வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. அதைத் தாண்டி ஓரிடத்தில் ரோட்டு வேலை. லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டோம். நிற்க நிற்க சூட்டு முள் மேலே ஏற ஆரம்பித்தது. முன்னால் லாரி, பின்னால் பஸ், ஓரம் கட்ட இடமில்லை. கோயம்புத்தூர்க்காரர் வந்து வண்டியை லாரியில் ஏற்றுவதே கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஹீட்டரைப் போட்டேன். முழுசாக.

"ஏ ஆத்தா! என்ன செய்யிற? வெளிய அடிக்கிற வெயில் பத்தலையா?"

"எஞ்சின் சூட்ட உள்ள இழுக்குறேன் அய்யா. கண்ணாடிய எறக்குங்க."

"என்னைய இட்லி மாதிரி அவிச்சு எடுத்துருவ போல இருக்கே!"

நம் ஊருக்கு எதற்கு ஹீட்டர் என்று உன்னை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்? முள் தயங்கியது. நின்றது. மெல்ல ஒரு நூல் இறங்கியது. லாரி நகர்ந்ததும் வண்டியை ஒரு கருவேல நிழலில் ஒதுக்கி, பானட்டைத் திறந்துவைத்து ஆறவிட்டேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. ஆறிய பிறகு பார்த்தால், ஃபேனுக்குப் போகிற ஒயர் சேருகிற இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. உப்பு செய்த வேலை. என் முக்காட்டில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, பளிச்சென்று செம்பு தெரியும்வரை சுரண்டி மறுபடி சொருகினேன். வண்டியைக் கிளப்பி, முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

அய்யா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இதெல்லாம் எப்ப ஆத்தா படிச்ச?" என்றார்.

எப்போது படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ போனில் மணிக்கணக்காகக் கார்ப் பேச்சுப் பேசும்போது நான் பக்கத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பேன். கேட்கவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீ என்ன நினைத்திருந்தாய்?

மதுரையில் ஷோரூம் பையன் சாவியை அய்யாவிடம் நீட்டினான். "எனக்கு முட்டி மடங்காதுப்பா. ஓட்ட வந்தது அவுக" என்று என்னைக் காட்டினார். புது வண்டியை ரிங் ரோட்டில் ஓட்டினேன். லாத்தா, உனக்குப் பிடிக்காவிட்டாலும் சொல்கிறேன்: அருமையான வண்டி. மிதித்தால் முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்துகிறது. வளைவில் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகிறது. கோட்டைத் தாண்டினால் கீங்கீங் என்று எச்சரிக்கிறது, அது மட்டும் எனக்கு ஆகவில்லை. இந்த வயதில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

வெளியே டீக்கடையில் அய்யா மறுபடியும் ஆரம்பித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய பேர வச்சுட்டா அதுவாயிருமா?"

"பேரனுக்குத் தாத்தா பேர வைக்கிறோமே அய்யா. அவன் தாத்தாவாகவா ஆகணும்னு வைக்கிறோம்? அவன் அவனா இருந்துட்டுப் போறான். பேரு தெருவுல கேட்டுக்கிட்டு இருக்கணும், அம்புட்டுத்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குடும்பமே இப்பிடித்தானா?" என்றார். நான் இன்னொரு டீ சொன்னேன்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். திரும்பும்போது உன் வண்டி முனகக்கூட இல்லை. அய்யாவை ராமநாதபுரத்தில் இறக்கிவிட்டு, வீட்டு வாசலில் வந்து நின்றதும், எஞ்சினை அணைக்காமலேயே ஹாரிஸைக் கூப்பிட்டேன். வழியில் சூடானதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"வண்டி இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, ஹாரிஸ்."

"கேக்குது சாச்சி. உம்மா நிப்பாட்டுறதுக்கு முந்தி ஆக்சிலேட்டர ஒரு தடவ மிதிக்குமே, அந்தச் சத்தத்தக் குடுங்க."

போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மிதித்தேன். "இன்னொரு தடவ" என்றான். மிதித்தேன். தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அப்புறம் சிரிப்பதும் கேட்டது.

"கோயம்புத்தூர்க்காரர்ட்ட நான் சொல்லிக்கிறேன். அடுத்த லீவுல வாரப்ப மதுரை ஏர்போர்ட்டுக்கு நீங்களே வந்துருங்க. பெட்டி வைக்க எடமிருக்காது, பரவால்ல. மடியில வச்சுக்கிறேன்."

இந்த ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் எல்லோரும் உச்சிப்புளியில் கூடுகிறோம். நம் கடற்கரையில் வண்டியின் அடிப்பாகம் துருப்பிடிக்காமலிருக்கக் கறுப்பு பெயிண்ட் நல்லதா, பழைய ஆயில் பூசுவது நல்லதா என்று பஞ்சாயத்து. நீ ஆயில் கட்சி, எனக்குத் தெரியும். நான் அடியில் படுத்துப் பார்த்துவிட்டேன்; எனக்குப் பெயிண்ட்தான் சரியென்று படுகிறது. அதனால் உன் பக்கம் பேசுவேன் என்று உனக்கு வாக்குத் தர மாட்டேன். வேறொரு வாக்குத் தருகிறேன். அங்கே நீ எப்போதும் உட்காருகிற நாற்காலி காலியாக இருக்காது. அதில் உட்கார்ந்திருப்பவள் சத்தமாகப் பேசுவாள். இன்ஷா அல்லாஹ், ஜெயித்துவிட்டு வந்து உனக்குச் சொல்வாள்.

துஆவுடன்,
உன்னோடு சண்டை போடப் பிறந்த தங்கச்சி,
ஹாரிஸின் சாச்சி,
ஜுலைஹா